பட்டம் பெரிதா, பட்டறிவு பெரிதா?

கல்லூரியிற் கற்றுப் பெறும் பட்டம் மேலானதா, அன்றி அனுபவத்தாலும் இயற்கை நுண்ணறிவாலும் வரும் திறமை மேலானதா என்னும் வினா நம் இல்லங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றது. “படித்தவர் என்ன சாதித்து விட்டார்?” என்று ஒரு சாராரும், “பட்டமில்லாதவரை யார் மதிக்கின்றனர்?” என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயின் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை; குழப்பத்திற்கு அதுவே காரணம். ஆதலின் சொற்களின் பொருளை முதற்கண் தெளிந்து கொள்வோம்.

இயற்கையறிவு என்பது ஒன்றை விரைந்து பற்றிக் கொள்ளும் ஆற்றல். பட்டறிவு என்பது ஒரு தொழிலைப் பன்முறை செய்து, பிழைத்துத் திருந்தி, கையும் கண்ணும் பழகுவதால் வருவது. பட்டமோ இவ்விரண்டினும் வேறானது. ‘இவர் இன்னதைக் கற்றுத் தேறினார்’ என்று ஒரு பல்கலைக்கழகம் உலகிற்குக் கூறும் சாட்சியே பட்டமாகும். சாட்சி வேறு, சாட்சியாற் குறிக்கப்படும் அறிவு வேறு.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வைத்தியர் ஜீவகரின் வரலாறு வருகின்றது. தட்சசீலத்தில் ஏழாண்டுகள் மருத்துவம் பயின்ற அவரை நோக்கி, நகரைச் சுற்றி ஒரு யோசனை தூரத்துக்குள் மருந்தாகாத பூண்டு ஏதேனும் இருப்பின் கொண்டு வருமாறு ஆசிரியர் பணித்தார். ஜீவகர் எங்கும் தேடி, அத்தகையது ஒன்றும் இல்லையென்று வெறுங்கையுடன் திரும்பினார். அதுவே அவருடைய தேர்ச்சியாயிற்று. அங்கே ஓலையும் முத்திரையும் பேசப்படவில்லை. எனினும் கூர்மதி படைத்த ஜீவகரும் ஏழாண்டுகள் பயின்றார் என்பதை மறத்தலாகாது. பட்டம் வேண்டாவென்போர் இதனைக் காட்டலாம். கல்வியே வேண்டாவென்போர் காட்டுதற்கு இதில் இடமில்லை.

பட்டமின்றி உயர்ந்தோர்க்குக் கணித மேதை இராமாநுஜனை எடுத்துக்காட்டுவது வழக்கம். அவர் கும்பகோணத்திலும் சென்னையிலும் எப்.ஏ. வகுப்பில் கணிதமல்லாத பாடங்களில் தவறினார். 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இவையனைத்தும் உண்மையே. ஆயின் அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பொருளறிந்து பரிந்துரை செய்யவல்ல கணித ஆசிரியர்களும் உயர் அலுவலர்களும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தனர். அத்தகையோரின் அறிமுகம் ஒவ்வோர் ஏழைக்கும் கிட்டுவதன்று. அவ்வறிமுகமே இல்லாத ஒருவரின் நிலை என்ன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார். 1910இல் பிறந்த இவர் தச்சுவேலை செய்து, கல்லூரியிற் சேர்வதற்கெனப் பணம் சேர்த்தார். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் வங்கி முறிந்து, சேமிப்பெல்லாம் அழிந்தது. 1930இல் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். ஆய்வாளரின் வேலையைச் செய்தார். ஊதியக் கணக்கிலோ துப்புரவுப் பணியாளராகவே குறிக்கப்பட்டிருந்தார்.

1941இல் இருவரும் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றனர். இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளைக் காக்க வழியுண்டா என்று ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர் வினவினார். தாமஸ் நாய்களின்மீது பன்முறை அறுவை செய்து, நுரையீரலுக்கு மிகுதியான குருதியைச் செலுத்தும் முறையை ஆய்வுக்கூடத்தில் வகுத்தார். 1944 நவம்பர் 29ஆம் நாள் பிளாலாக் முதற்குழந்தைக்கு அச்சிகிச்சையைச் செய்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னே ஒரு முக்காலியின்மேல் நின்று, ஒவ்வொரு படியிலும் வழி கூறினார். ஆயினும் அம்முறை பிளாலாக், டாசிக் ஆகிய இருவர் பெயரால் மட்டுமே உலகில் வழங்கலாயிற்று.

பின்னர்த் தாமஸ் கல்லூரியிற் சேர முயன்றார். அவருடைய பல்லாண்டுப் பட்டறிவு கணக்கிற் கொள்ளப்படவில்லை. முதலாண்டு வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டுமென்றனர். மருத்துவராகி வெளிவரும்போது தமக்கு 50 வயதாகிவிடும் என்றெண்ணி அம்முயற்சியைக் கைவிட்டார். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பலர் அவரிடம் கைப்பயிற்சி பெற்றனர். 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அதுவும் மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன யாவை? குழந்தையின் உயிரைக் காத்தது பட்டம் அன்று. பழகிய கையும் ஆராயும் மதியுமே. ஆகவே வேலையைச் செய்து முடிப்பது எது என்று வினவினால், அறிவும் அனுபவமும் என்பதே விடை. ஆயின் செய்த வேலைக்குரிய ஊதியத்தையும் பெயரையும் பெற்றுத் தருவது எது என்று வினவினால், விடை வேறாகின்றது. உயர்ந்தோர் எனப்படும் குலத்தில் பிறந்தவரின் அறிவை உலகம் சாட்சியின்றியே நம்புகின்றது. தாழ்த்தப்பட்டவரின் அறிவையோ கண்ணாற் கண்ட பின்னரும் மறுக்கின்றது. மறுக்கப்படுவோர்க்கே சாட்சி இன்றியமையாதது.

நமக்கு அணித்தான சான்று கோலார் தங்கவயல். அங்கே தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தனர். பாறையின் இயல்பை அறிவதில் அவர்க்கு நிகராவார் அரியர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, அவ்வறிவைச் சுரங்கத்துக்கு வெளியே எடுத்துரைக்கும் தாள் அவர் கையில் இல்லை. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுவோர் அவ்வூரிற் பலராயினர். மேலும் ஒன்று: இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எழுதப் பட்டம் கட்டாயம். இடஒதுக்கீடு இடத்தைக் காக்கும். அவ்விடத்திற்கு விண்ணப்பிக்கும் தகுதியை நாமே ஈட்டுதல் வேண்டும்.

இனி, பட்டம் ஒன்றே போதுமெனக் கருதுவதும் பிழை. பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியாவில் பயின்று மீண்டு, 1917இல் பரோடா அரசுப் பணியில் அமர்ந்தபோது, ஏவலர் அவரைத் தீண்ட அஞ்சிக் கோப்புகளைத் தொலைவினின்று எறிந்தனர். தங்க இடமும் கிடைக்கவில்லை. அதனால் கல்வி பயனற்றதென்று அவர் முடிவு செய்தாரா? இல்லை. மீண்டும் இலண்டன் சென்று 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். தாம் பெற்ற பட்டத்தைப் பிறர் பட்டம் பெறுதற்குரிய வாயிலாக ஆக்கினார்.

ஆகவே இவ்வினாவை அவரவர் நிலைக்கேற்ப ஆராய்ந்து கொள்க. இளைஞர், ‘அறிவிருந்தாற் போதும்’ என்னும் சொல்லைக் கேட்டுப் படிப்பை இடையில் நிறுத்தலாகாது. அவ்வாறு கூறுவோருட் பலர் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கே அனுப்புகின்றனர் என்பதை நோக்குக. குடும்பச் சுமையால் படிப்பை விட்டுத் தொழிலில் தேர்ந்தோர், காலம் கடந்ததென்று மனந்தளர வேண்டா. 1985இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே பயில வழி வகுத்துள்ளது. முன்பே தொழிலறிந்தோரைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசு ஏற்பாடும் 2015இல் வந்தது. பட்டம் பெற்றோரோ, பட்டமில்லாத தந்தையின் கைத்திறனையும் தாயின் மதிநுட்பத்தையும் இழிவாகக் கருதாது, அவர்பால் அமர்ந்து கற்றல் கடன். விவியன் தாமஸை மதிக்கத் தவறியோர் படிப்பில்லாதவர் அல்லர் என்பதைப் பட்டதாரிகள் நினைவிற் கொள்வாராக.