பாயசத்தில் விடும் எசென்ஸுக்குச் சிவப்புத் தீக்குறி எதற்கு?

கேள்வி: வீட்டிலேயே கேக்கும் ரோஸ்மில்க் சிரப்பும் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். வெனிலா எசென்ஸ் வாங்கப் பழைய தில்லி திலக் பஜாருக்குப் போயிருந்தேன். பெரிய கேனிலிருந்து இரண்டு லிட்டரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தந்தார்கள். கேனின் மேல் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் படமும் 1197 என்ற எண்ணும் இருந்தன. சாப்பிடுகிற பொருளுக்கு எதற்கு இந்தக் குறி? கடைக்காரரைக் கேட்டேன். "தண்ணீரில் கரைகிற சரக்குதான், தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும்" என்றார். சரிதானா?
– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: கேனில் இருந்த எண்ணைக்கூட விடாமல் குறித்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ்! பாதி விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. வகுத்த பட்டியலில் 1197 என்பது மணமும் சுவையும் ஊட்டும் திரவ எசென்ஸைக் குறிக்கும். சிவப்புச் சாய்சதுரம் அது மூன்றாம் வகுப்பு, அதாவது எளிதில் தீப்பற்றும் திரவம் என்று சொல்கிறது.

சாப்பிடுகிற பொருள்தானே, எப்படி எரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வயிற்றுக்குத் தீங்கில்லாததும் தீயில் எரியாததும் ஒன்றல்ல. சமையல் எண்ணெயும் உணவுதான், எரியத்தான் செய்கிறது. எசென்ஸில் மணப்பொருள் கொஞ்சமாகவே இருக்கும். மீதியெல்லாம் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம். இதைக் கரைப்பான் என்பார்கள். பல எசென்ஸ்களில் அது எத்தனால், அதாவது சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால். அமெரிக்க விதிப்படி வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று விற்க 35 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். தீக்குறி வெனிலாவுக்கு அல்ல, இந்த ஆல்கஹாலுக்கு.

அடுத்து, எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் தீப்பொறி பட்டால் பற்றுமளவுக்கு ஆவி விடத் தொடங்குகிறதோ, அதை ஃபிளாஷ் பாயின்ட் என்பார்கள். சுத்த எத்தனாலுக்கு இது சுமார் 13 டிகிரி செல்சியஸ். 35 சதவீதக் கலவைக்குச் சுமார் 27 டிகிரி. நீங்கள் இருப்பதோ தில்லியில். 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் உங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டிலைத் திறந்தாலே, வாய்ப்பக்கம் எரியக்கூடிய ஆவி நிற்கும். ஒரு பொறிதான் பாக்கி.

அந்த ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்த சமையல் கேஸைப் போலத் தரையோடு தவழ்ந்து போகும். ஒரு லிட்டர் சுத்த எத்தனால் முழுவதும் ஆவியானால் சுமார் 400 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 3.3 சதவீதம் கலந்தாலே அது பற்றும். கணக்குப் போட்டால் பத்துக்குப் பத்து அறையில் கிட்டத்தட்டப் பாதிக்கு அது போதும். கை தவறிக் கொட்டியது ஒரு மூலையில், தீப்பிடித்தது எதிர் மூலை அடுப்பில் என்று நடப்பது இதனால்தான்.

இனி அந்த ஒரு வாளித் தண்ணீர். ஆல்கஹால் தண்ணீரில் கரையும் என்று கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் சிக்கல். கலவையை 10 சதவீதத்துக்கு இறக்கினால் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 49 டிகிரிக்கு ஏறும். அதற்கு 35 சதவீத எசென்ஸ் ஒரு லிட்டருக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும். சுத்த ஆல்கஹால் என்றால் ஒன்பது லிட்டர். எரிகிற பாத்திரத்தில் இவ்வளவையும் வீசி ஊற்றினால், கலப்பதற்கு முன்பே தீயோடு தளும்பி மேடையிலும் காலிலும் வழியும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய் கலந்த சரக்கு என்றால் அந்த எண்ணெய் தண்ணீரில் கரையவே கரையாது, மிதந்துகொண்டே எரியும். தீயணைப்புத் துறையினர்கூட ஆல்கஹால் தீக்குச் சாதாரண நுரையை நம்புவதில்லை. அதிலுள்ள நீரை ஆல்கஹால் உறிஞ்சி நுரையை உடைத்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆல்கஹால் தீ வெளிர்நீலமாக எரியும், வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அணைந்துவிட்டது என்று நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

செய்ய வேண்டியவை இவை:

எசென்ஸை எரிகிற அடுப்பருகே பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். தீ ஆவி வழியே பாட்டிலுக்குள் தாவும். அடுப்பை அணைத்து, சிரப் ஆறிய பிறகு, தள்ளி நின்று கரண்டியில் அளந்து விடுங்கள். மணமும் பறந்து போகாது.

கொட்டிவிட்டால் முதலில் அடுப்பு, எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். மின் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், அதிலும் பொறி வரும். ஜன்னல்களைத் திறந்து, துணியிலோ மணலிலோ உறிஞ்ச வைத்து வெளியே திறந்த இடத்தில் போடுங்கள். சாக்கடையில் தள்ளாதீர்கள், ஆவி குழாய் வழியே போகும்.

பாத்திரத்தில் சின்னதாகப் பற்றினால் உலோக மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று சமையலறை வாசலருகே இருக்கட்டும். தீ பாத்திரத்தை மீறினால் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். உடையில் பற்றினால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேனா மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

வாங்கும்போதே கவனிக்கவும் வழி உண்டு. புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் செய்த எசென்ஸும் கடைகளில் கிடைக்கிறது. அதன் ஃபிளாஷ் பாயின்ட் 100 டிகிரியை ஒட்டி இருக்கும், வெயிலில் பற்றாது. லேபிளில் கரைப்பானின் பெயரைப் படியுங்கள். மொத்தமாக வாங்கினால் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். எந்தெந்த வெப்பத்தில் என்ன ஆகும், எப்படி அணைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

திலக் பஜாரை ஒட்டிய லால் குவானில் 1999 மே 31 அன்று ரசாயனக் கிடங்குகளில் பிடித்த தீ 57 உயிர்களைக் கொண்டுபோயிற்று. எரியும் சரக்கும் மனிதர் குடியிருப்பும் ஒரே சந்தில் இருந்தால் என்ன ஆகும் என்று தில்லி பார்த்துவிட்டது.

சிவப்புக் குறி கடையில் இருக்கிற கேனோடு நின்றுவிட்டது. உங்கள் வீட்டுக்கு வந்த பாட்டிலில் எதுவுமே இல்லை. இன்றே அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, "வெனிலா எசென்ஸ், எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே வைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு உதவிக்கு வருபவரும் படிக்கும்படி இந்தியிலும் எழுதுங்கள்.