மூளைச் செல்களைக் காக்குமா ஜப்பானிய மூலிகை?

வீட்டில் அத்தாவுக்கோ நன்னிக்கோ மறதி நோய் வந்துவிட்டால், மறதியைவிட நம்மை அதிகம் வாட்டுவது அதனுடன் வரும் தொல்லைகள்தாம். இரவெல்லாம் தூங்காமல் நடமாடுவது, காரணமின்றிச் சினப்படுவது, இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொல்வது, பெற்ற பிள்ளையையே திருடன் என்பது. முதியவர்கள் மிகுந்த நாடான ஜப்பானில் இதற்காக டாக்டர்கள் எழுதித் தரும் ஒரு மூலிகை மருந்தைப் பற்றி இம்முறை அறிந்துகொள்வோம். அதன் பெயர் யோகுகன்சன்.

ஜப்பானின் மரபு மூலிகை மருத்துவத்தைக் கம்போ என்பார்கள். அது சீனாவிலிருந்து சென்றது. 'ஹான் முறை' என்பதே அச்சொல்லின் பொருள். அங்கே கம்போவுக்கென்று தனி வைத்தியர் கிடையாது. நவீன மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற டாக்டரே மாத்திரையோடு இதையும் எழுதித் தருகிறார். 1976இல் இம்மருந்துகள் பெருமளவில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்தன. இப்போது 148 கூட்டு மருந்துகள் அந்தப் பட்டியலில் உள்ளன.

யோகுகன்சனில் ஏழு மூலிகைகள். அவற்றில் அதிமதுரம் நமக்கும் தெரிந்ததுதான். இன்னொன்று, கொக்கி போன்ற முள்ளுள்ள ஒரு கொடி. 16ஆம் நூற்றாண்டில் சீனாவில், இரவில் வீறிட்டு அழும் குழந்தைகளுக்கும் வலிப்பு வரும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்ட மருந்து இது. குழந்தை மருந்து பாட்டிக்குப் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்!

மூளையில் இது என்ன செய்கிறது? நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களில் முக்கியமானது குளூட்டமேட். அளவோடு இருக்கும்வரை அது நல்லது. மிஞ்சித் தேங்கினால் செல்லின் வாசல்கள் மூடாமல் திறந்தே கிடக்கும், கால்சியம் உள்ளே பாயும், செல் செத்துப்போகும். பக்கவாதத்தில் இரத்தம் தடைபட்ட இடத்தில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. வழக்கமாக, நட்சத்திர வடிவிலான துணைச் செல்கள் மிகுதியான குளூட்டமேட்டை உறிஞ்சி அப்புறப்படுத்துகின்றன. எலிகளிலும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் செய்த ஆய்வுகளில், யோகுகன்சன் இந்தத் துப்புரவு வேலைக்குத் துணை நின்றது தெரிந்தது. அதிமதுரத்திலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருளுக்கு இதில் பங்குண்டு என்கிறார்கள். கொக்கிக் கொடியில் உள்ள ஒரு பொருளோ, மனத்தை அமைதிப்படுத்தும் செரோட்டோனின் வழியாக வேலை செய்கிறது.

எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? 2005இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் மறதி நோயாளிகள் 52 பேர் கலந்துகொண்டனர். நான்கு வாரம் மருந்து எடுத்தவர்களுக்குச் சினமும் பிரமையும் குறைந்தன. அன்றாட வேலைகளிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் நினைவாற்றல் கூடவில்லை. 2017இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது. அல்சைமர் நோயாளிகள் 145 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்றுத் தூளும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, மூளைச் செல்லைக் காக்கும் என்பது இன்றைக்கு ஆய்வுக்கூடத்து நம்பிக்கை மட்டுமே. மறதியை அடியோடு மாற்றும் என்று சொல்லி யாராவது மூலிகைத் தூள் விற்க வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற எண்ணமும் சரியல்ல. அதிமதுரம் அதிகமானால் உடலில் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதனால்தான் ஜப்பானில் யோகுகன்சன் கொடுக்கும்போது டாக்டர்கள் இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைப் பார்த்துக்கொள்கிறார்கள். இருமலுக்கென்று நம் வீட்டில் நாள்தோறும் அதிமதுரம் போடும் முதியவர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.