அகமதாபாத் கருத்தரங்கும் அரசியல் உளநூலும்

மக்கள் ஒரு தலைவனை நம்பி ஏன் பின்செல்கிறார்கள்? நெடுநாள் அஞ்சிக் கிடந்தவன் ஒரு நாள் எப்படி நிமிர்ந்து நிற்கிறான்? இவை போன்ற வினாக்களை ஆராய்வது அரசியல் உளநூல். இத்துறைக்கென உலகச் சங்கம் தோன்றியது 1978-இல்தான். ஆனால் அதற்கு முன்னரே, இதன் சிறந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் நாட்டுக் கருத்தரங்கு ஒன்றின் பயனாய்ப் பிறந்தது.

எரிக் எரிக்சன் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளநூலறிஞர். இவர் 1962-இல் அகமதாபாதுக்கு வந்தது காந்தியடிகளைப் பற்றிப் பேச அன்று. மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்த தம் கொள்கையை ஒட்டி நடந்த கருத்தரங்குக்கு வந்தார். பிரமசரியம் முதலிய நான்கு நிலைகளை அறிந்த நம் நாட்டவர்க்கு அது முற்றிலும் புதிய பேச்சாக இருந்திராது! அங்கே அவரை உபசரித்தவர்கள் சாராபாய் குடும்பத்தார். அக்குடும்பத்து அம்பாலால், 1918-இல் நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய தமக்கை அனசூயாவோ தொழிலாளர் பக்கம் நின்றவர். காந்தியடிகளின் சுயசரிதையில் படித்த மனிதர்கள் எதிரே அமர்ந்திருக்கக் கண்டார் எரிக்சன். பேச வந்தவர் கேட்பவரானார்.

அப்போராட்டத்தைச் சிறிது விரிவாகவே காண வேண்டும். பிளேக் நோய்க் காலத்தில் தந்த மிகைப்படியை ஆலைகள் நிறுத்தின. தொழிலாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20-க்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் கணக்குப் பார்த்து 35 என்றார். நாள் செல்லச் செல்லத் தொழிலாளர் மனம் தளரவே, மார்ச் 15 அன்று அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். மார்ச் 18-இல் உடன்பாடு வந்தது. முதல் நாளுக்கு 35, மறுநாளுக்கு 20, பின்னர் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½ விழுக்காடு என்பது ஏற்பாடு. இருவர் சொல்லும் கெடாதபடி அமைந்த கணக்கு இது. முடிவில் நடுவர் அளித்ததும் 35-தான்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்குச் சுயசரிதையில் சில பக்கங்களே உள்ளன. ஏன் என்று கேட்டார் எரிக்சன். உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிப் பேசினார். 1969-இல் வெளிவந்த ‘காந்தியின் உண்மை’ என்னும் அவர் நூல் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. நாற்பது ஆண்டு கடந்த நினைவை எவ்வளவு நம்பலாம், சொல்பவர் யாருக்காக, எந்த வயதில் சொல்கிறார் என்பனவற்றையும் அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். சுயசரிதையையும் அப்படியே நோக்கினார். அது 1925 முதல் வாரந்தோறும் பத்திரிகை வாசகர்க்காக எழுதப்பட்டதன்றோ!

நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. நூலின் நடுவே, மறைந்த காந்தியடிகளுக்கே எழுதும் கடிதம் போன்ற ஒரு பகுதி உண்டு. மனைவி மக்களிடத்து அவர் காட்டிய கடுமையையும் வன்முறை என்றே சொல்ல வேண்டாமா என்று அதில் வழக்காடுகிறார். மாற்றுக் கட்சியானைப் பித்தன் எனப் பெயரிட உளநூலைத் துணைக்கழைப்பது எளிது. நம் விடுதிகளிலும் அது நடக்கிறது. தாம் போற்றும் ஒருவரையே அதே அளவுகோலால் அளப்பது அரிது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோர்படிக்கு வடக்கே முளா-முட்டா ஆற்றைக் கடந்தால் எரவாடா. அச்சிறையில் 1932 செப்டம்பர் 20-இல் காந்தியடிகள் மற்றொரு நோன்பு தொடங்கினார். 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாண சபைகளில் கிடைக்கவிருந்த 71 தனித்தொகுதிகள் போய், பொதுத் தேர்தலில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. எண்ணிக்கை கூடியது, தம் பிரதிநிதியைத் தாமே தனித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. 1918-ஆம் ஆண்டு நோன்பு முதலாளிகளின் மனத்தை நெருக்கியது என்பதைக் காந்தியடிகளே குறையாக ஒப்புக்கொண்டவர். அப்படியாயின் 1932-இல் அம்பேத்கர் மனத்தின்மீது விழுந்த சுமையை என்னவென்பது? நோன்பிருப்பவர் உள்ளத்தை ஆராய்ந்தவர்கள் பலர். எதிரே அமர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தவரின் உள்ளத்தையும் இந்நூல்நெறியால் ஆராய முடியுமா? அடுத்து இப்பொருள் பற்றிப் பேச வருபவரிடம் நம் மாணவர் ஒருவர் எழுந்து இதைக் கேட்கலாம்.