பழைய லென்ஸா, ஆட்டோஃபோகஸா?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி3500 கேமரா இருக்கிறது. பழைய மேனுவல் ஃபோகஸ் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? 2 வயது மகளையும், தோட்டத்துப் பூச்சிகளையும்தான் அதிகம் எடுப்பேன்.

மகளுக்காக என்றால் வேண்டாம். எஃப்/1.8-இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது, துல்லியமாக விழும் பகுதியின் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். குழந்தை ஓரடி எடுத்து வைத்தாலே கண் மங்கிவிடும். லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பி அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிப் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் டி3500-இன் ஒளிமானி வேலை செய்யாது. 'எம்' மோடில் வைத்து, வெளிச்சத்தை நீங்களே கணிக்க வேண்டும்.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் 'ஏஎஃப்' என்று மட்டும் போட்டிருக்கும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

பூச்சிகளுக்கு வேறு வழி. மிக அருகில் போனால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். ஏஎஃப்-எஸ் லென்ஸையே மேனுவலுக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல், கேமராவோடு நூலளவு முன்னே பின்னே நகருங்கள். வியூஃபைண்டரின் மூலையில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும்போது கிளிக் செய்யலாம். ட்ரைபாட் இருந்தால் லைவ் வியூவில் பூச்சியின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்வது இன்னும் துல்லியம்.

ஆக, ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப்/1.8ஜி லென்ஸுக்குப் பணம் சேருங்கள். பழையதாக வாங்கினால், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.