தரையில் விழாத வார்த்தைகள்

வேத பகுதி: 1 சாமுவேல் 1 முதல் 3 வரையுள்ள அதிகாரங்கள்



நம்முடைய தேவன் பேசுகிற தேவன். தமது வார்த்தையினாலே அவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினார். அவர் கேட்கிற தேவனுமாயிருக்கிறார். எகிப்திலே ஒடுக்கப்பட்ட ஜனத்தின் கூக்குரலைக் கேட்டதாகச் சொன்ன பின்னரே மோசேயை அனுப்பினார் (யாத். 3:7-10). அவருடைய பிள்ளைகளாகிய நாமோ பேசுவதில் தீவிரமும் கேட்பதில் தாமதமும் உள்ளவர்களாயிருக்கிறோம். யாக்கோபு கற்பித்த ஒழுங்கை (யாக். 1:19) நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

நாவுக்கு ஜீவனைக் கொடுக்கவும் மரணத்தை விளைவிக்கவும் வல்லமை உண்டென்று நீதிமொழிகள் 18:21 போதிக்கிறது. இதைக் குறித்து அநேக செய்திகளைக் கேட்டிருக்கிறோம். அதே அதிகாரத்தின் 13-ம் வசனமோ, காரியத்தை முழுவதும் கேளாமல் மறுமொழி கொடுப்பது மதியீனம் என்று எச்சரிக்கிறது. அதை நாம் அதிகமாய்த் தியானிப்பதில்லை. நாவின் வல்லமை செவியிலே தொடங்குகிறது என்பதை அன்னாளின் சரித்திரத்திலிருந்து கற்றுக்கொள்வோம்.

1. அன்னாளைச் சூழ்ந்திருந்த மூன்று வாய்கள்

முதலாவது, பெனின்னாளின் வாய். வருஷந்தோறும் ஆலயத்துக்குப் போகும் வேளையிலேயே அவள் அன்னாளை நோகப் பேசினாள் (1:6,7). தொழுகைக்குச் செல்லும் வழியிலும் ஒருவரையொருவர் காயப்படுத்த முடியும் என்பது எவ்வளவு வேதனை!

இரண்டாவது, எல்க்கானாவின் வாய். அவன் மனைவியை மெய்யாகவே நேசித்தவன். ஆனாலும், ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை, ஏன் சஞ்சலப்படுகிறாய் என்று அடுக்கடுக்காய்க் கேட்டு, பத்துக் குமாரரைவிட நான் மேலல்லவா என்று தானே முடித்துவிட்டான் (1:8). அங்கே அன்னாளின் பதில் ஒன்றும் எழுதப்படவில்லை. அன்பினால் பிறந்த வார்த்தைதான்; ஆயினும் அது அவளைத் தேற்றவில்லை.

மூன்றாவது, ஆசாரியனாகிய ஏலியின் வாய். அவன் அவளுடைய உதடுகள் அசைவதைக் கண்டான். உள்ளத்தின் சத்தத்தையோ அறியவில்லை. ஜெபிக்கிறவளை வெறித்திருக்கிறவள் என்று கடிந்துகொண்டான் (1:13,14). பகைவரின் சொல்லைத் தாங்கிக்கொள்கிற உள்ளமும் தேவனுடைய ஊழியக்காரரின் தவறான சொல்லால் உடைந்துபோகக் கூடும்.

2. அதே வாய் ஆசீர்வதித்தது

அன்னாள் தன் மனக்கிலேசத்தை விளக்கிச் சொன்னாள். ஏலி இடைமறிக்கவில்லை; தன் முந்தின சொல்லை நியாயப்படுத்தவுமில்லை; செவிகொடுத்தான். அதன்பின்பு அதே வாயிலிருந்து சமாதானத்தின் வார்த்தை புறப்பட்டது. அவள் போய்ச் சாப்பிட்டாள்; அவள் முகத்திலிருந்த துக்கம் நீங்கிற்று (1:17,18). கர்ப்பந்தரிக்கும் முன்னரே அவள் ஆறுதலடைந்தாள் என்பதைக் கவனியுங்கள். சூழ்நிலை மாறவில்லை; கேட்கப்பட்டாள், ஆசீர்வதிக்கப்பட்டாள்.

இங்கே என் சொந்தக் குறைவை அறிக்கையிட விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், விபத்திலே மகனை இழந்த ஒரு தாயாரைச் சந்திக்கச் சென்றேன். அமர்ந்தவுடன் வேதத்தைத் திறந்தேன். ஐந்தாறு வசனங்களை விளக்கி, நீண்ட ஜெபம் செய்து எழுந்தேன். வாசல்வரை வந்த அந்தத் தாயார், "ஐயா, என் பிள்ளையின் பெயர் என்னவென்று நீங்கள் கேட்கவேயில்லையே" என்றார். நான் வாசித்த வசனங்கள் யாவும் சத்தியமே. ஆனால் அவை யாருக்குத் தேவை என்பதை அறியாமலே வாசித்துவிட்டேன்.

மறுவாரம் மீண்டும் சென்று மன்னிப்புக் கேட்டேன். மகனைப் பற்றிச் சொல்லும்படி வேண்டினேன். அவர் பேசினார், அழுதார், இடையிலே ஒருமுறை சிரிக்கவும் செய்தார். முடிவில் இரண்டே வரிகளில் ஜெபித்தேன். மகன் மரித்தபின் அடுப்படிப் பக்கமே போகாதிருந்த அவர், அன்று எழுந்து எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

3. கேட்கக் கற்ற சிறுவன்

ஏலி, தான் கற்ற பாடத்தைச் சிறுவனாகிய சாமுவேலுக்குப் போதித்தான். கர்த்தர் அழைக்கும்போது, அடியேன் கேட்கிறேன் என்று மறுமொழி சொல்லும்படி கற்றுக்கொடுத்தான் (3:9). சாமுவேல் முதலாவது கேட்டான். பின்பு, கேட்டதையே பேசினான். கசப்பான செய்தியாயிருந்தும் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆகையால் கர்த்தர் அவனோடிருந்து, ஒரு வார்த்தையையும் தரையிலே விழுந்துபோக விடவில்லை (3:19). நம்முடைய வார்த்தைகளில் எத்தனை தரையிலே விழுந்துபோகின்றன! தேவனிடத்திலும் மனிதரிடத்திலும் கேளாமல் பேசினதே அதற்குக் காரணமல்லவா?

4. அருட்பணியிலும் செவியே முந்தியது

1793-ம் ஆண்டு வங்காளத்திற்கு வந்த வில்லியம் கேரி, முதல் வங்காள விசுவாசியாகிய கிருஷ்ண பாலுக்கு ஹூக்ளி நதியிலே ஞானஸ்நானம் கொடுத்தது 1800-ம் ஆண்டு டிசம்பரில்தான். இடைப்பட்ட 7 ஆண்டுகளில், தம் முன்ஷியாகிய ராம்ராம் பாசுவிடம் மாணவனாக அமர்ந்து மொழியைக் கற்றார். வங்காள புதிய ஏற்பாடு செராம்பூரில் வெளியான அதே 1801-ம் ஆண்டில், 'கதோபகதன்' என்னும் உரையாடல் நூலையும் வங்காளியரின் துணையோடு வெளியிட்டார். மீனவரும் கூலியாட்களும் வீட்டுப் பெண்களும் அன்றாடம் எவ்விதமாய்ப் பேசினார்கள் என்பதை அந்நூல் காட்டுகிறது. சுவிசேஷத்தைச் சொல்லவந்தவர், பெண்கள் சண்டையிடும் பேச்சையுங்கூட அற்பமென்று எண்ணவில்லை. ஜனங்களின் பேச்சுக்குச் செவிகொடுத்தவரே அவர்கள் பாஷையிலே தேவ வசனத்தைக் கொடுத்தார்.

5. நாம் செய்யவேண்டியது என்ன?

அ) அதிகாலையில் நம் விண்ணப்பங்களைச் சொல்லுமுன், வேதத்தைத் திறந்து சற்று நேரம் அமர்ந்திருப்போம். இளைப்படைந்தவனுக்கு ஏற்ற வார்த்தையைச் சொல்லும் நாவு, காலைதோறும் விழிக்கிற செவியினால் உண்டாகிறது (ஏசா. 50:4).

ஆ) இல்லத்திலே ஒருவர் பேசி முடிக்குமட்டும் மறுமொழி சொல்லாதிருப்போம். பிள்ளைகள் பேசும்போது கைப்பேசியைக் கீழே வைப்போம்.

இ) துக்க வீட்டிலே, போதிக்குமுன் கேட்போம். பர்திமேயுவின் தேவையை அறிந்திருந்தும், ஆண்டவர் அவன் விருப்பத்தை அவன் வாயினாலே சொல்லும்படி கேட்டாரே (மாற். 10:51).

ஈ) அவசரத்திலே யாரையாகிலும் தவறாய் நியாயந்தீர்த்திருந்தால், அவரிடத்தில் திரும்பச் செல்வோம். ஏலியின் வாய் திருந்தியதுபோல நம் வாயும் திருந்தக் கூடும்.

பிரியமானவர்களே, உங்கள் அருகிலேயே உதடுகள் மாத்திரம் அசைய, சத்தம் கேட்கப்படாத ஓர் அன்னாள் இருக்கக்கூடும். அவள் உங்கள் மனைவியாகவோ, தாயாராகவோ, சபையின் கடைசி வரிசையில் அமருகிற சகோதரியாகவோ இருக்கலாம். இன்று அவளருகே சென்று அமருவீர்களா?

ஜெபம்: எங்கள் கூக்குரலைக் கேட்கிற பிதாவே, கேளாமல் பேசிக் காயப்படுத்தின வேளைகளை எங்களுக்கு மன்னியும். முதலாவது எங்கள் செவிகளைத் திறந்தருளும்; அதன்பின்பு எங்கள் உதடுகளைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.