அகரவரிசையில் அடங்கிய அறிவு

முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கு அருகே அமைந்த பேரூர் மார்க்கையன்கோட்டை. இவ்வூர் மாணவர் ஒருவர் தம் வட்டார வரலாற்றை அறிய முற்பட்டால், முதலில் எதிர்ப்படுவது சின்னமனூர்ச் செப்பேடு. பாண்டியன் இராசசிம்மன் அளித்த நிலக்கொடையைப் பதிவு செய்யும் ஆவணம் அது. எனினும், பாண்டியர் மரபைக் கூறுமிடத்து, மாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைக்கப்பட்டதையும் அச்செப்பேடு சொல்லிச் செல்கிறது. இராசசிம்மன் யார், சங்கம் எத்தகையது, பாரதத்தைத் தமிழில் பாடியோர் எவர் என்னும் வினாக்களுக்கு விடை காணப் பல நூல்களைப் புரட்ட வேண்டும். இவ்வருமையைப் போக்கவே களஞ்சிய நூல்கள் தோன்றின.

பழைய நிகண்டுகள் சொற்பொருளைச் செய்யுளில் தந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே அவை பயன்பட்டன. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொற்களை அகரவரிசையில் நிறுத்தியது. சொற்களுக்கு அமைந்த இவ்வசதி மாந்தருக்கும் செய்திகளுக்கும் கிட்ட நெடுங்காலம் ஆயிற்று.

அதனைத் தனி ஒருவராய் மேற்கொண்டவர் சென்னையில் தமிழாசிரியராய் விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியார். புராணப் பெயர்களின் தொகுப்பாகத் தொடங்கிய அவர் பணி, அரசர், புலவர், நூல்கள், கலைகள் எனப் பெருகி, ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. இத்துணைப் பெரிய நூலை அச்சிடும் பொருள்வளம் ஆசிரியர் ஒருவருக்கு ஏது? பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால், அவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1910இல் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. செப்பேடு குறித்த சங்கத்தின் பெயரையே இச்சங்கமும் தாங்கியிருந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது ஆசிரியர் உயிருடன் இல்லை.

ஒருவர் உழைப்பால் ஆகக்கூடியதன் எல்லை அது. அறிவியலும் உலக வரலாறும் பெருகிய காலத்தில் பலர் கூடியே உழைக்க வேண்டியிருந்தது. தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், துறை வல்லுநர்களைக் கொண்டு கட்டுரைகள் எழுதுவித்தது. 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளும், 1968இல் இணைப்புத் தொகுதியாகப் பத்தாவதும் வெளிவந்தன. இக்'கலைக்களஞ்சிய'த்தின் முதன்மை ஆசிரியர் பெ. தூரன், தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய இசைப் புலவரும் ஆவார். பின்னர்க் குழந்தைகளுக்கெனவும் பத்துத் தொகுதிகளில் ஒரு களஞ்சியம் அவர் பொறுப்பில் உருவாயிற்று.

எந்தத் தலைப்பில் எதனை வைப்பது என்பதே தொகுப்பாளருக்கு என்றும் உள்ள இடர்ப்பாடு. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர், இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன். பொதுவுடைமை இயக்க மேடைகளில் மக்கள் மெட்டுகளில் பாடி, 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலிலும் பரப்புரை செய்தவர் அவர். இசை என்னும் தலைப்பின்கீழ் மட்டும் அவரை எழுதினால் அவருடைய மேடை விடுபடும். அரசியலின்கீழ் மட்டும் எழுதினால் பாட்டு விடுபடும்.