முதுகுவலியும் அறுவை மருத்துவமும்

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் நிறைந்த ஊராகும். அங்குப் ‘பவர் டேபிள்’ எனப்படும் தையற்பொறியின்முன் நாள்முழுதும் குனிந்தமர்ந்து உழைப்போர் பலர். அவருட் சிலரைத் தீராத முதுகுவலி பற்றுகிறது. ஓய்ந்திருந்தால் கூலி இல்லை. அறுவைக்கோ பொருளும் துணிவும் வேண்டும். யாது செய்வது?

நம் முதுகெலும்பில் முள்ளெலும்புகளின் இடையே மெத்தைபோல் வட்டுகள் அமைந்துள்ளன. வட்டு கிழிந்து, உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி காலிலும் இறங்கும். 1934-ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இதனை விளக்கி, அறுவையால் தீர்க்கலாம் என்றும் காட்டினர்.

ஆயினும் பிதுங்கிய வட்டெல்லாம் கத்தியை வேண்டுவதன்று. பல, சில திங்களில் தாமே சுருங்குகின்றன. படுத்தே கிடத்தலினும் அளவான நடையும் பயிற்சியும் நலம் தரும். வலியில்லாதார் முதுகைப் படம் பிடித்தாலும் வட்டுத் தேய்வு காணப்படுவதுண்டு. ஆதலின் படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. காலில் இறங்கிய வலி பல வாரங்கள் தணியாதவழி அறுவை விரைந்து நலம் தரக்கூடும். முதுகில் மட்டும் நிற்கும் வலிக்கு அதன் பயன் அத்துணை உறுதியன்று. கால் வலுவிழந்துகொண்டே சென்றாலோ, சிறுநீர், மலம் அடக்கும் ஆற்றல் கெட்டாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையே முதற்கண் வைத்தார். மருத்துவர் வழி காட்டுவார். துணிய வேண்டியவர் நோயுற்றவரே. அச்சத்தாலும் அவசரத்தாலும் அன்றி, கேட்டறிந்து துணிதலே அறிவுடைமை.